பதில் சொல்ல ஆளில்லாத கடை

வியாபாரச் சகோதரர்களே! உங்கள் கடைக்குள் ஒருவர் நுழைகிறார். "இந்தச் சாமான் இருக்கிறதா? என்ன விலை?" என்று கேட்கிறார். நீங்கள் லாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பையன்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போகிறார். மறுநாள் இன்னொருவர் வருகிறார். அவருக்கும் அதே கதைதான்.

இப்படி ஒரு கடையை எவராவது நடத்துவார்களா என்று கேட்பீர்கள். நம்மில் பலர் நடத்திக்கொண்டிருக்கிறோம். நானும் நடத்தினேன். முகநூல் பக்கம், வட்ஸ்அப் இலக்கம், கூகிள் வரைபடத்தில் நமது கடையின் பெயர், இவையெல்லாம் அப்படிப்பட்ட கடைகள்தான். திறந்து வைத்திருக்கிறோம். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை.

கடந்த மாதம் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்ற ஊரில் சிறு வியாபாரிகளுக்கு நடந்த இரண்டு நாள் செயலமர்வு ஒன்றில் கலந்துகொண்டேன். அங்கே கண்டதையும் கற்றதையும் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். அதற்கு முன் எனது நட்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பது நாள்

புத்தளத்தில் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எனது மருமகன் ஒருவர் கடைக்கு முகநூல் பக்கம் திறந்து தந்தார். கடையின் படம், தொலைபேசி இலக்கம், பெருநாள் வாழ்த்து எல்லாம் போட்டார். "இனி உலகமே நம்ம கடையைப் பாக்கும் மாமா" என்றார். நானும் மகிழ்ந்தேன். அதன் பின் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பக்கம்தான் இருக்கிறதே!

எங்களிடம் தொடர்ந்து சாமான் எடுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு வீட்டுக்கு வாங்கிய பெயின்ற் இரண்டாம் தடவை கொஞ்சம் வேறு நிறமாக வந்துவிட்டது. சுவரைப் படம் பிடித்து, "இதற்கு என்ன செய்வது?" என்று எங்கள் பக்கத்திலே கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கோபமாக எழுதினார். அதன் கீழே பலர் தங்கள் பங்குக்கு எழுதினார்கள். எனக்கு இது தெரியவந்தது பத்தொன்பதாம் நாள். அதுவும் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான்.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நானா, சல்லி பிரச்சின இல்ல. பத்தொன்பது நாள் ஒங்கட கட வாசல்ல நின்டன். என்னன்னு கேக்க ஒருத்தரும் வரல்ல."

பெயின்ற்றை மாற்றிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அவர் அடுத்த வீட்டுக்குச் சாமான் எடுத்தது வேறு கடையில். இன்றுவரை திரும்பி வரவில்லை.

கொழும்பில் ஒரு நாள்

அந்த அடிக்குப் பிறகுதான் "இதை முறையாகப் படிக்க வேண்டும்" என்று எண்ணம் வந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டலில், நிறுவன முகாமையாளர்களுக்காக நடந்த ஒரு நாள் பயிற்சிச் செயலமர்வுக்குப் பணம் கட்டிப் போனேன். குளிரூட்டிய மண்டபம், நல்ல சாப்பாடு, திரையில் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான படங்கள், கடைசியில் ஒரு சான்றிதழ். பேசியவர் கெட்டிக்காரர், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்று முழுவதும் நான் என் கைத்தொலைபேசியைத் தொடவே இல்லை. என் கடையைப் பற்றி ஒருவரும் கேட்கவும் இல்லை. மறுநாள் கடையைத் திறந்தபோது, முந்திய நாள் மூடிய அதே கடையாகவே இருந்தது.

ஆனாலும் அங்கே ஒரு விடயம் தெளிவாகியது. அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பகால இணையத்தளங்கள் சுவரொட்டி மாதிரி. நாம் எழுதுவோம், மக்கள் வாசிப்பார்கள். அவ்வளவுதான். 2004ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் டிம் ஓரைலியின் நிறுவனம் நடத்திய மாநாடு ஒன்றின் மூலம் "வெப் 2.0" என்ற சொல் உலகெங்கும் பரவியது. வாசிக்க வந்தவரே எழுதவும், படம் போடவும், மதிப்பெண் கொடுக்கவும், குறை சொல்லவும் இடம் தரும் இணையம் என்பதே அதன் பொருள். 2004இல் முகநூல், 2005இல் யூடியூப், 2006இல் டுவிட்டர், 2009இல் வட்ஸ்அப் என்று வரிசையாக வந்தன. டுவிட்டருக்கு 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. பெயர்கள் மாறும். ஆனால் வாடிக்கையாளருக்குக் கிடைத்த வாயை இனி ஒருவராலும் மூட முடியாது.

பெரிய நிறுவனங்களும் இதை அடிபட்டே கற்றன. 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் டெல் கம்பனியின் மடிக்கணினி ஒன்றை வாங்கினார். அது பழுதாகியது. சேவையும் சரியில்லை. அவர் தன் இணையப் பக்கத்தில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் "எனக்கும் இதே கதைதான்" என்று சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் டெல் வாய் திறக்கவில்லை, பெயர் கெட்டது. 2006இல்தான் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேச இணையத்தில் ஓர் இடத்தைத் திறந்தார்கள். 2007இல் "எங்கள் கணினியில் என்ன மாற்றம் வேண்டும்?" என்று மக்களிடமே கேட்டு ஒரு தளம் அமைத்தார்கள். பலர் கேட்டார்கள் என்பதற்காக அதே வருடம் லினக்ஸ் போட்ட கணினிகளையும் விற்பனைக்கு விட்டார்கள். குறை கேட்ட இடத்திலிருந்து ஒரு புதிய சரக்கு பிறந்தது.

வாப்பாவின் கடன் கொப்பி

இனிப் பண்டத்தரிப்புக்கு வருவோம். எனக்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

எங்கள் வாப்பா யாழ்ப்பாண நகரில் இரும்புக்கடை வைத்திருந்தார். வலிகாமத்துக் கிராமங்களிலிருந்து கமக்காரர்களும் மேசன்மாரும் சாமானுக்கு எங்களிடம் வருவார்கள். பண்டத்தரிப்பிலிருந்து வரும் ஒருவர் மண்வெட்டி, கம்பி, ஆணி என்று எடுத்துவிட்டு, வெங்காயம் விற்றதும் காசைக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லாம் ஒரு கடன் கொப்பியில் இருக்கும்.

1990 ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாங்களும் வெளியேற்றப்பட்டோம். இரண்டு மணித்தியால அவகாசம். கடையும் போனது, சரக்கும் போனது, அந்தக் கடன் கொப்பியும் போனது. புத்தளத்தில் வாப்பா பூச்சியத்திலிருந்து தொடங்கினார்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பழைய கடையைப் பார்க்கப் போனார். செய்தி கேள்விப்பட்டு அந்தப் பண்டத்தரிப்பு மனிதர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மடியிலிருந்து காசை எடுத்து, "340 ரூபா தரவேணும் முதலாளி. கொப்பி உங்களிட்டை இல்லாட்டிலும் கணக்கு என்னட்டை இருக்கு" என்றார். வாப்பா வாங்க மறுத்தார், அவர் விடவில்லை. கடை போன பிறகும் வாடிக்கையாளர் மிஞ்சியிருந்தார்.

வாப்பாவும் அந்த மனிதரும் இன்று இல்லை. அவருடைய மகன் பண்டத்தரிப்புச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். அவர்தான் அழைத்தார். "நானா, எங்கடை கடைக்காரர் கொஞ்சப் பேரைச் சேர்த்து ஒரு செயலமர்வு வைக்கிறம். கம்பியூட்டர் சொல்லித்தர யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு பிள்ளை வருது. உங்கடை பெயின்ற் கதையை வந்து சொல்லுவியளே?"

நட்டப்பட்ட கதைக்கும் ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று சம்மதித்தேன்.

மானிப்பாய் தரும் பாடம்

யாழ். நகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாக பஸ்ஸில் போனேன். மானிப்பாயில் டாக்டர் கிரீனின் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிரீன் அங்கே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தானும் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். பண்டத்தரிப்புக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1820ஆம் ஆண்டளவிலேயே ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே தங்கி வைத்தியம் செய்தார்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அறுவைச் சிகிச்சையைத் தமிழில் சொல்லிக் கொடுக்க முடிந்ததென்றால், முகநூலில் விலை எழுதுவதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க முடியாதா? கொழும்பு மண்டபத்தில் எனக்குப் புரியாமல் போனதற்கு என் மூளை மட்டும் காரணமல்ல என்று பஸ்ஸுக்குள் இருந்தபடியே ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

மேசையில் தொலைபேசிகள்

ஒரு சிறிய மண்டபம். பதினெட்டுப் பேர். பலசரக்குக் கடை, புடவைக் கடை, தையல், அரிசி ஆலை, மாதகல் பக்கத்திலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி, மிளகாய்த்தூள் இடித்து விற்கும் அம்மா ஒருவர் என்று பல தரப்பினர். நடத்துபவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முதலாளிதான் வரவேண்டும், கடைப் பையனை அனுப்பக் கூடாது.

இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. 1999இல் ஜெனரல் இலெக்ட்ரிக் என்ற மாபெரும் அமெரிக்கக் கம்பனியின் தலைவர் ஜாக் வெல்ச், தனது உயர் முகாமையாளர்கள் ஐந்நூறு பேருக்கு ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொருவரும் தமக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர் ஒருவரைப் பிடித்து, அவரிடம் இணையத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். வெல்சும் அப்படியே கற்றார். ஐந்நூறு முகாமையாளர்களுக்கு வராத வெட்கம் நமக்கு ஏன் வரவேண்டும்?

வகுப்பு நடத்திய பிள்ளை கணினிப் பட்டதாரி, இருபத்தைந்து வயதிருக்கும். திரையை எடுக்கவே இல்லை. "எல்லாரும் போனை மேசையிலை வையுங்கோ. பதில் போடாத மெசேஜ் எத்தினை இருக்கெண்டு எண்ணுங்கோ" என்றாள். முகநூல், வட்ஸ்அப், தவறிய அழைப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னாள். கரும்பலகையில் ஒவ்வொருவருடைய எண்ணிக்கையும் ஏறியது. கூட்டிப் பார்த்தால் இருநூறைத் தாண்டியது. மண்டபத்தில் சத்தமில்லை.

மிளகாய்த்தூள் அம்மா தனது எண்ணிக்கையைச் சொல்லவில்லை. போனைப் பார்த்தபடியே இருந்தார். நான் பக்கத்தில் இருந்ததால், "என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"நான் உதைப் பாக்கிறேல்லைத் தம்பி. மகன் வெளிநாட்டிலையிருந்து திறந்து தந்தவன். எனக்கு போன் அடிச்சால்தான் தெரியும்."

அந்தப் பிள்ளை வந்து வாசித்துக் காட்டினாள. ரொறொன்ரோவில் இருந்து ஒரு குடும்பம் எழுதியிருந்தது. ஊருக்கு வருகிறோம், திரும்பும்போது கொண்டுபோக 15 கிலோ வறுத்த மிளகாய்த்தூள் வேண்டும், விலை என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, "வந்துவிட்டோம், இன்ன ஒழுங்கையில் நிற்கிறோம்" என்று இன்னொரு தகவல். அவர்கள் ஒன்பது நாட்களுக்கு முன் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "உது எங்கடை ஒழுங்கைதான். அந்த வீட்டுக்கு ஆக்கள் வந்து நிண்டதை நான் கண்டனான்."

15 கிலோ தூள் என்பது அவருக்குப் பல நாள் உழைப்பின் விலை. கேட்டவர்கள் நாலு வீடு தள்ளி நின்றிருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் இருந்து கேட்டது இவர் கைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. எனது பெயின்ற் கதையைச் சொல்ல வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன், அவர் தனியாக வெட்கப்படக் கூடாது என்பதற்காக.

"என்ரை சனம் ஊர்ச்சனம்"

புடவைக் கடை ஐயா ஒருவர் இருந்தார், எழுபது வயதைத் தாண்டியவர். "உதெல்லாம் பெடியளுக்குத்தான் தம்பி. என்ரை கடைக்கு வாறது ஊர்ச்சனம். அவைக்கு வழி தெரியும்" என்றார்.

அந்தப் பிள்ளை கூகிள் வரைபடத்தில் அவருடைய கடையைத் தேடிக் காட்டினாள். கடை இருந்தது. அதன் கீழே "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று எழுதியிருந்தது!

ஐயா எழுந்து நின்றுவிட்டார். "ஆர் எழுதினது? நான் காலமைதானே திறந்திட்டு வந்தனான்!"

அந்த வரைபடத்தில் எவரும் திருத்தம் கொடுக்கலாம். நமது கடை நமதுதான் என்று உரிமையை உறுதிப்படுத்தி வைத்தால், அந்தத் தகவல்களை நாமே கவனித்துத் திருத்த முடியும். அதற்குக் காசு இல்லை. கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் கூறை எடுக்க முதலில் போனில்தான் தேடுகிறார்கள் என்று அவள் விளக்கினாள். அன்று மத்தியானத்துக்குள் ஐயாவின் கடை மறுபடி திறக்கப்படுவதற்கான விண்ணப்பம் போய்விட்டது. படம் பிடிக்க அவரே எல்லோரையும் கடைக்குக் கூட்டிப் போனார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பலசரக்குக் கடைக்காரர் விலைப்பட்டியலைப் பல வருடங்களாகப் பாமினி எழுத்தில் தட்டி வைத்திருந்தார். அதை முகநூலில் ஒட்டியபோது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் தெரிவது அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே. யூனிகோட் முறையில் எழுதினால் எந்தப் போனிலும் தெரியும், தேடினாலும் கிடைக்கும். பழையதை மாற்றித்தர இலவச வசதிகள் இருக்கின்றன. இதைக் கொழும்பு மண்டபத்தில் எவரும் சொல்லவில்லை. அங்கே தமிழில் விலைப்பட்டியல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டாம் நாள்: பதில் எழுதும் பயிற்சி

இரண்டாம் நாள் முழுவதும் பதில் எழுதுவதுதான். முதல் விதி: விலை கேட்டால் விலையைச் சொல்ல வேண்டும். "இன்பொக்ஸுக்கு வாங்கோ" என்பது, கடைக்கு வந்தவரைப் பின்கதவால் வரச் சொல்வது போன்றது. இரண்டாவது: இல்லாத சரக்கை இல்லை என்று அன்றே சொல்ல வேண்டும். மூன்றாவது: குறை சொன்னவருக்கு முதலில் எல்லோர் முன்னிலையிலும் "பார்த்துவிட்டேன், இன்றே அழைக்கிறேன்" என்று எழுத வேண்டும். அதன் பின் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். தீர்ந்ததையும் அதே இடத்தில் எழுதிவிட வேண்டும். குறையை அழிக்கக் கூடாது. அழித்தால் கோபம் இரட்டிப்பாகும்.

2018 ஜனவரியில் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற இலவசச் செயலியில் கடை நேரம், சரக்குப் பட்டியல், கடை மூடிய பிறகு தானாகப் போகும் பதில் எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டோம். காசு வாங்குவதற்கு வங்கிக் கணக்கு இலக்கமும், மத்திய வங்கியின் ஏற்பாட்டில் வந்த லங்கா கியூஆர் அட்டையும் பற்றிப் பேசினோம். பிறகு பேச்சு கணக்குக்குத் திரும்பியது. மிளகாய், மல்லி, வறுக்கும் விறகு, மில் கூலி, பொதி செய்யும் உறை, கூரியர் செலவு எல்லாம் கூட்டாமல் விலை சொன்னால், ஓடர் கூடக் கூட நட்டமும் கூடும். "லைக்" என்பதை லாச்சியில் போட முடியாது என்று அரிசி ஆலைக்காரர் சொன்னபோது மண்டபமே சிரித்தது. சிரித்தாலும் உண்மை அதுதான்.

அந்த அம்மா முதல் நாள் வகுப்பிலேயே ரொறொன்ரோவுக்கு ஒரு பதில் எழுதியிருந்தார். "தங்கச்சி, நான் பார்க்காமல் விட்டது என்ரை பிழை. கோவிக்கவேண்டாம்" என்று இரண்டு வரி. இரவு பதில் வந்திருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்திலே தூள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஆனால் மார்கழியில் சகோதரி ஒருவர் வருகிறார், 5 கிலோ எடுத்து வையுங்கள் அக்கா என்று எழுதியிருந்தார்கள். 15 கிலோ போனது போனதுதான். 5 கிலோவுக்கு வழி பிறந்தது.

கத்தியின் மறுபக்கம்

என்னிடம் ஒரு கேள்வியும் வந்தது. "நானா, உதாலை உங்கடை ஆக்களுக்குத்தானே கூடப் பிரச்சினை வந்தது?"

மறைக்க முடியுமா? 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி எழுந்தது. மிரட்டலுக்கு நடுவே காசாளர் தலையசைத்த காணொளி முகநூலில் ஓடியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையே இல்லை, மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. அடுத்த வாரமே திகனப் பக்கம் எரிந்தது. அந்த வன்முறையில் தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அது மருந்தாகுமா?

அதனால் ஒதுங்கிவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. நாம் பேசாத இடத்தில் நம்மைப் பற்றிப் பிறர் பேசுவார்கள். அன்றாடம் மூன்று மொழியிலும் பதில் சொல்லி, நூறு பேருடன் பழகி வைத்திருக்கும் கடையைப் பற்றி ஒரு பொய் வந்தால், "அப்படியல்ல, எனக்குத் தெரிந்த கடை" என்று சொல்லச் சிலராவது இருப்பார்கள். பெயர்ப்பலகை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. 2018 மார்ச்சில் சுமார் ஒரு வாரமும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் மீண்டும் பல நாட்களும் சமூக ஊடகங்கள் நாட்டில் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பை மட்டும் நம்பி ஓடர் எடுத்தவர்கள் அன்று கை கட்டி நின்றார்கள். ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட ஓர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இவையெல்லாம் வாடகைக் கடைகள். உரிமையாளர் நினைத்தால் பூட்டுவார். ஆகவே வாடிக்கையாளரின் பெயரையும் இலக்கத்தையும், அவருடைய சம்மதத்தோடு, உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த இலக்கம் அமானிதம். இன்னொருவருக்குக் கொடுப்பதற்கோ விற்பதற்கோ நமக்கு உரிமையில்லை. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் நம் நாட்டில் ஒரு சட்டமே நிறைவேறியிருக்கிறது.

உங்கள் ஊரிலும் வைக்கலாம்

இப்படியொரு செயலமர்வை நடத்தப் பெரிய ஹோட்டலும் பெரிய பணமும் தேவையில்லை. பதினைந்து, இருபது வியாபாரிகள், பள்ளிக்கூட மண்டபம் ஒன்று, கணினி படித்த ஊர்ப் பிள்ளை ஒருவர் போதும். பண்டத்தரிப்பில் கண்டவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இவை:

1. முதலாளியே வரவேண்டும். பையன் கூட வரலாம், பதிலுக்கு வரக் கூடாது.

2. எல்லாம் தமிழில், சொந்தப் போனில், சொந்தக் கடையை வைத்தே நடக்க வேண்டும்.

3. பதில் போடாத தகவல்களை எண்ணுவதில் தொடங்குங்கள். நோய் தெரியாமல் மருந்து இல்லை.

4. ஒவ்வொரு கடையிலும் பதில் சொல்ல ஒருவரையும், அவர் இல்லாதபோது இன்னொருவரையும் பெயர் குறித்து நியமியுங்கள். காலை, மாலை என்று நேரமும் வையுங்கள்.

5. கடவுச்சொல் முதலாளியிடம் இருக்க வேண்டும். கடைச் சாவியைப் பையனோடு கட்டாருக்கு அனுப்புவோமா?

6. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டாம். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போனது, எத்தனை விற்றது என்று மூன்று வரி தினமும் எழுதுங்கள்.

7. ஒரு மாதம் கழித்து அதே ஆட்கள் மீண்டும் கூடிக் கணக்குப் பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் செயலமர்வு சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

அந்த ஏழாவது கூட்டம் கடந்த வாரம் நடந்தது. நான் போக முடியவில்லை. தம்பி தொலைபேசியில் விபரம் சொன்னார். பதினெட்டுப் பேரில் பதினொரு பேர்தான் வந்தார்களாம். இரண்டு பேர் "எங்களுக்குச் சரிவராது" என்று பக்கத்தை மூடிவிட்டார்களாம். அதுவும் நல்லதுதான். ஆளில்லாத கடையைத் திறந்து வைப்பதைவிட மூடுவது நேர்மை. புடவைக் கடை ஐயா ஒரு அப்பியாசக் கொப்பியில் தினமும் அந்த மூன்று வரியை எழுதிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினாராம். மிளகாய்த்தூள் அம்மா விடியவும் படுக்கப் போகுமுன்னும் போனைப் பார்க்கிறாராம். இன்னும் கண்ணாடியைத் தேடித்தான் பார்க்கிறார், ஆனாலும் பார்க்கிறார்.

வாப்பாவின் கடன் கொப்பி போனாலும் கணக்கை மனதில் வைத்திருந்த ஒரு மனிதர் அந்த ஊரில் இருந்தார். காரணம், வாப்பா அவரோடு பேசியிருந்தார், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தார். இன்றைய வாடிக்கையாளர் ரொறொன்ரோவில் இருக்கலாம், நாலு வீடு தள்ளியும் இருக்கலாம். கேட்கும் வழி மட்டும்தான் மாறியிருக்கிறது.

இந்தப் பத்தியை வாசித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உங்கள் போனை எடுங்கள். பதில் போடாதவை எத்தனை என்று எண்ணுங்கள். கடைசியில் இருப்பவரிலிருந்து தொடங்குங்கள். அவர்தான் அதிக நாள் வாசலில் நிற்பவர்.